அண்ணன் கோமரத்தாடி (சாமியாடி), இதயத்தசை தடிப்புன்னு சொல்லிட்டாங்க. ஆடி மாசக் கோயில் கொடைத் திருவிழாவுல ஆடலாமா? வீட்டுல யார் யாருக்கு எக்கோ எடுக்கணும்?

சுரண்டை தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டம், சுரண்டைக்குப் பக்கத்து ஊர். தையல் கடை வச்சிருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன். குடும்பக் கதை முழுசையும் சொன்னாத்தான் என் கேள்வி புரியும்.

அண்ணனுக்கு 44 வயசு. சிமென்ட் கடை. மூட்டை தூக்குற உடம்பு. காய்ச்சல்னு படுத்ததை நான் பாத்ததில்லை. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணப் போன இடத்துல, மயக்க மருந்து கொடுக்குறதுக்கு முந்தி எடுக்குற ஈசிஜி சரியில்லைன்னு எக்கோவுக்கு அனுப்பினாங்க. இதயத்தோட ரெண்டு கீழறைக்கும் நடுவுல உள்ள சுவர் 22 மில்லிமீட்டர் தடிச்சுக் கெடக்கு. ரத்தம் வெளிய போற வழியை அந்தச் சதை மறிக்குது, கிரேடியன்ட் (அழுத்த வித்தியாசம்) 58னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. ஆஞ்சியோவும் எடுத்தாச்சு, ரத்தக்குழாய்ல ஒரு அடைப்பும் இல்லை. ஆபரேஷனைத் தள்ளி வச்சுட்டாங்க. ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி, பரம்பரையா வர்ற நோய்னு டாக்டர் சொன்னார். "வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"ன்னு கேட்டார். அண்ணன் யோசிக்காமலே இல்லைன்னுட்டான். "இருக்காங்க சார்"னு நான்தான் சொன்னேன்.

அன்னைக்கு ராத்திரி கடையில பேட்டர்ன் வெட்டுற பழுப்புத் தாளை விரிச்சு, ஆச்சியைப் பக்கத்துல உக்கார வச்சு, வம்சத்தை எழுதினேன்.

தாத்தா எங்க சுடலைமாடன் கோயில் கோமரத்தாடி. 1974 கொடையில, 41 வயசுல போனார். நடுராத்திரி சாமக்கொடைக்கு வேட்டைக்குப் போயிட்டு, அதாவது சாமி வந்து சுடுகாட்டுக்கு ஓடிப்போயிட்டு, அங்க இருந்து பந்தத்தோட ஓடி வந்தவர், கோயில் வாசலுக்கு வரும் முன்னயே விழுந்திருக்கார். சாமி மலையேறுது, அதாவது உடம்பை விட்டுப் போகுதுன்னு நெனச்சு யாரும் தொடலையாம். திருநீறு போட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சுக் காத்துக் கெடந்திருக்காங்க. உடம்பு குளுந்த பொறவுதான் ஆச்சிக்குச் சொல்லி விட்டிருக்காங்க. மாடன் தன்கூடக் கூட்டிக்கிட்டான்னு ஊரே சொல்லுச்சு. அவருக்குப் பீடம் போட்டு இன்னைக்கும் படையல் வைக்கிறோம்.

தாத்தாவோட தங்கச்சி முப்பது சொச்சம் வயசுல, நாத்துக்கட்டைச் சுமந்துட்டு வரப்புல வரும்போது செத்துருக்கு. பாம்பு தீண்டியிருக்கும்னு சொல்லி எடுத்துட்டாங்க. பல்தடத்தை யாரும் பாக்கலைன்னு ஆச்சி சொல்லுது.

அப்பாவுக்கு மாடி ஏறினா மூச்சு வாங்கும். ஆஸ்துமான்னு பல வருஷம் மாத்திரையும் உறிஞ்சுற மருந்துமா இருந்தார். 2003-ல, 47 வயசு. பஸ்ஸை விரட்டிப் பிடிச்சு ஏறி உக்காந்தவர் அடுத்த ஸ்டாப்புக்குள்ள போயிட்டார். மாரடைப்புன்னு எழுதிக் குடுத்தாங்க.

சித்தப்பா மகன், என் தம்பி முறை. 19 வயசு, காலேஜ் கபடி டீம். 2013-ல ரெய்டு போயிட்டுத் திரும்பிக் கோட்டைத் தொட்டான், அங்கயே விழுந்தான். சித்திரை வெயில்ல தண்ணி குடிக்காம ஆடினதுதான் காரணம்னாங்க.

நாலு சாவுக்கும் ஊரு நாலு காரணம் சொல்லி வச்சிருந்துச்சு. தாள்ல வரிசையா எழுதிப் பாத்தப்போ எனக்குக் கை நடுங்கிருச்சு. ஆச்சி மட்டும் அழலை. "ஒரே சாவுதாம்ளா இது, நாலு தடவ வந்திருக்கு"ன்னுச்சு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அப்பாவுக்குப் பொறவு கோமரம் அண்ணனுக்குத்தான். ஆடியில கொடை. காப்புக் கட்டுன நாள்ல இருந்து ஒரு வேளைச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை முழுப்பட்டினி, தண்ணி கூட நாக்கு நனைய மட்டும்தான். மதியக்கொடை, சாமக்கொடை ரெண்டுக்கும் ஆடணும். வேட்டைக்கு ஓடணும். சாமி சாராயம் கேட்டா ஊத்துவாங்க. டாக்டர் இதயத்துடிப்பைக் குறைக்குற மெட்டோப்ரோலால் மாத்திரை எழுதி, பாரம் தூக்கக் கூடாது, வேகமா ஓடக் கூடாதுன்னு சொல்லிருக்கார். கொடையைப் பத்தி அவருக்குத் தெரியாது, அண்ணன் சொல்லவும் விடமாட்டேங்குறான். "தாத்தாவை மாடன் கூப்பிட்டான், போனார். எனக்கு விதிச்சது எனக்கு"ங்கிறான். இன்னொரு தடவை நான் அழுதப்போ வேற ஒண்ணு சொன்னான்: "நான் எறங்கிக்கிட்டா பந்தம் எவன் கைக்குப் போகும்னு நெனச்சுப் பாத்தியா?" அவன் மகனுக்குத்தான் போகும். பதினாலு வயசு. பள்ளிக்கூடத்துல ஃபுட்பால் ஆடுறான். அவனுக்கு இன்னும் எக்கோ எடுக்கலை. மைனி பயந்து போயி, எடுக்க வேண்டாம், தெரிஞ்சா தாங்க முடியாதுங்குது.

சித்தப்பாவுக்கு 66 வயசு. இன்னைக்கும் மருந்தடிக்கிற டப்பாவை முதுகுல மாட்டிக்கிட்டு ரெண்டு ஏக்கர் நடப்பார். அவர் மகளுக்கு ஆவணியில கல்யாணம் பேசியிருக்கு. எக்கோ எடுக்கலாம்னு சொன்னதுக்கு, "எம்மவன் போனது போனதுதான், நீ இதைக் கெளப்பி எம்மவ கல்யாணத்தையும் நிறுத்திராத தாயி"ன்னு கும்பிட்டுட்டார். அதுக்கு மேல நான் என்ன பேச?

எனக்கு எக்கோ, ஈசிஜி ரெண்டும் நார்மல். 39 வயசு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. அதுங்களுக்கு எடுக்கணுமா? அண்ணனை எப்படி நிறுத்த? இந்த நோய் உள்ள வீட்டுக்காரங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க. கோயில் காரியம் தெரிஞ்சவங்களும் சொல்லுங்க.


மதுரை எக்கோ அறை:

சகோதரி, நான் டாக்டர் இல்லை, எக்கோ எடுக்கும் டெக்னீஷியன். இந்த வேலையில் தடித்த சுவர்களை நிறையப் பார்க்கிறேன். சிகிச்சை முடிவுகளை உங்கள் இதய மருத்துவர்தான் எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையே எடுத்துக்கொண்டு போங்கள். துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியை நெஞ்சில் வைக்க வேண்டுமா என்று முடிவு செய்யும்போது சுவரின் தடிப்பு, காரணம் தெரியாத மயக்கம், உடம்பில் மாட்டித் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டரில் தெரியும் வேகத் துடிப்பு இவற்றோடு குடும்பத்தில் நடந்த திடீர் மரணங்களையும் கணக்கில் எடுப்பார்கள். 50 வயதுக்குள் இப்படிப் போன நெருங்கிய உறவு மிக முக்கியம். உங்கள் அப்பா 47. அண்ணன் "இல்லை" என்று சொன்ன பதிலோடு அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் விடையே வேறாக வந்திருக்கும்.

இந்த நோயைத் தெளிவாக எழுதி வைத்த டொனால்ட் டியர், லண்டனில் பிணப்பரிசோதனை செய்த மருத்துவர். திடீரென்று இறந்துபோன இளவயதுக்காரர்களின் இதயத்தை அறுத்துப் பார்த்து 1958-ல் எழுதினார். அறுத்துப் பார்க்காத ஊரில் பாம்பும் வெயிலும் சாமியும்தான் காரணமாக நிற்கும். உங்கள் ஊர் பெரியவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

கொடையைப் பற்றி. 58 என்பது அண்ணன் மேசையில் அமைதியாகப் படுத்திருந்தபோது எடுத்த அளவாக இருக்கும். மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லியும் நாங்கள் அளப்போம், அப்போது பலருக்கு அது இன்னும் ஏறும். உடம்பில் நீர் குறைந்தால் கீழறைக்குள் வரும் ரத்தம் குறையும், அறை சுருங்கும். மைட்ரல் வால்வின் இதழ் தடித்த சுவர்மேல் போய் ஒட்டும், வழி இன்னும் குறுகும். பட்டினி, தண்ணீர் இல்லாமை, வெக்கை, தூக்கமின்மை, சாராயம், அதற்கு மேல் ஆவேசமான ஓட்டம். இந்த நோய்க்கு ஆகாதவை அத்தனையும் ஒரே ராத்திரியில் சேர்கின்றன. மறைக்காமல் இதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். "ஓடாதே" என்றவர் மனதில் காலை நடைப்பயிற்சிதான் இருந்திருக்கும். விரதமிருந்து பந்தம் பிடித்து ஓடுவார் என்று அவர் எப்படி நினைப்பார்? மெட்டோப்ரோலாலை விரதத்துக்காக ஒரு வேளைகூட நிறுத்த விடாதீர்கள். அதைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து.

இன்னொன்று, இது எல்லாருக்கும் தெரிய வேண்டியது. நெஞ்சுவலி என்றால் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பது நம் ஊர் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கொண்டுவந்து வைத்துவிடுவார். அண்ணனுக்கு இருப்பது ரத்தக்குழாய் அடைப்பு இல்லை, தடித்த சதை வழியை மறிக்கும் அடைப்பு. அதில் இந்த மாத்திரை ரத்தக்குழாய்களை விரித்து அழுத்தத்தை இறக்கி, அடைப்பைக் கூட்டிவிடும். நீர் பிரியும் மாத்திரை, அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரை எதையும் இந்த நோயைச் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது. நோயின் பெயரை ஒரு அட்டையில் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள். மயங்கி விழுந்தவருக்காகப் பேசுவது அந்த அட்டைதான்.

இனி யார் யாருக்கு என்ற கேள்வி. உங்கள் தாளில் நான் முதலில் விரல் வைப்பது சித்தப்பா மேல். தாத்தாவுக்கும் அந்தக் கபடிப் பையனுக்கும் நடுவில் நிற்பவர் அவர். பையனுக்கும் இதே நோய்தான் என்றால், பெரும்பாலும் அது அவர் வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். 66 வயதில் மருந்தடித்து நடப்பதால் அவரிடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே மரபணுப் பிழை ஒருவரை 19 வயதில் கொண்டுபோகும், இன்னொருவரை எண்பது வரை ஒரு தொந்தரவும் இல்லாமல் விட்டுவைக்கும். சித்தப்பாவுக்கு இருந்தால் அவருடைய மகளுக்கு வர வாய்ப்பு சரிபாதி. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. நாற்றுக்கட்டோடு விழுந்த அந்த ஆச்சிக்குப் பிள்ளைகள் உண்டா? உண்டென்றால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்களின் கிளையை எல்லாக் குடும்பங்களும் மறந்துவிடுகின்றன.

அண்ணன் பிள்ளைகளுக்கு இப்போதே ஈசிஜி, எக்கோ. சிறுவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். வளரும் வயதில் தடிப்பு சட்டென்று ஏறலாம், அதனால் இன்று நார்மல் என்றால் என்றைக்கும் நார்மல் என்று வைத்துக்கொள்ள முடியாது. உங்களுக்கும் அதேதான். பெரியவர்களில் 15 மில்லிமீட்டர் இருந்தால் நோய் என்போம், நோயாளியின் ரத்த உறவுக்கு 13 போதும். பிள்ளைகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது, உடம்பின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதனால் குழந்தைகள் எக்கோ பார்த்துப் பழகியவரிடம் போங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு எடுக்கலாமா வேண்டாமா என்பதைத் தெளிவாகத் தீர்க்கக்கூடியது மரபணுப் பரிசோதனை. அதை அண்ணனிடமிருந்து தொடங்க வேண்டும், நோய் உள்ளவரிடம் பிழையைக் கண்டுபிடித்தால்தான் மற்றவர்களிடம் அதைத் தேட முடியும். அது உங்களிடம் இல்லை என்றால் உங்கள் பிள்ளைகளுக்கும் வராது, விட்டுவிடலாம். ஆனால் சோதித்த எல்லாரிடமும் பிழை அகப்படுவதில்லை, அதையும் மனதில் வையுங்கள். ரிப்போர்ட்டில் மைபிபிசி3 என்ற இதயத்தசை மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன என்று வந்தால் பதறிவிடாதீர்கள். தெற்காசிய மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது இருப்பதாக 2009-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் கட்டுரை வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் தங்கராஜ் எல்லாம் அதில் இருந்தார்கள். வயதாக ஆக இதயம் பலவீனமாகும் வாய்ப்பை அது கூட்டுகிறது. ஆனால் அதைச் சுமக்கும் பெரும்பாலோர் நோயாளிகளே அல்ல. அது ஒன்று மட்டும் உங்கள் வீட்டு மரணங்களை விளக்காது. மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்துதான் அந்தத் தாளைப் படிக்க வேண்டும்.


கோவில்பட்டி கணக்குப்பிள்ளை:

தங்கச்சி, நானும் இதே நோய்க்காரன்தான். 53 வயசு, தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறேன். எங்க அண்ணாச்சி 33 வயசுல ராத்திரி படுத்தவர் காலையில எந்திரிக்கலை. அதுக்குப் பொறவுதான் எங்களுக்கெல்லாம் எக்கோ எடுத்தாங்க. எனக்கு 2017-ல இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழ ஐசிடி வச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, நின்னுபோன பைக்கைத் தள்ளிட்டு வரும்போது கண்ணு இருட்டுச்சு. நெஞ்சுல ஒரு அடி விழுந்துச்சு, ரோட்டுல உக்காந்துட்டேன். மறுநாள் மெஷினைப் படிச்சுப் பாத்த டாக்டர், அந்த அடி விழாட்டி நான் இல்லைன்னார். செல்போனை வலது பைலதான் வப்பேன், கோயில் வாசல்ல மெட்டல் டிடெக்டர் இருந்தா கார்டைக் காட்டிட்டுப் போவேன். இப்போ தினமும் சாயங்காலம் நடக்கேன். முந்தி அசையவே கூடாதுன்னு சொல்லிப் படுக்கப் போட்டாங்க, அந்தக் காலம் மாறிப்போச்சு.

நான் எழுத வந்தது உங்க சித்தப்பாவுக்காக. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளை. என் ரத்தத்துல பிழை அகப்பட்டதால ரெண்டு பேருக்கும் பாத்தோம். மூத்தவளுக்கு இல்லை, இனி எக்கோவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இளையவளுக்கு இருக்கு. எக்கோ நார்மல்தான். இளையவளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது எங்க வீட்டுல பெரிய சண்டை. மறைச்சுருவோம்னு எங்க மதினிமாரெல்லாம் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். ஒரு வீட்டுல கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. வலிச்சுது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அடுத்து வந்த வீட்டுல மாப்பிள்ளையோட அம்மா, "உங்க டாக்டர்கிட்ட நாங்க பேசலாமா?"ன்னு கேட்டாங்க. கூட்டிட்டுப் போனேன். அரைமணி நேரம் பேசினார். கல்யாணம் நடந்துச்சு. பிரசவத்தப்போ மயக்க டாக்டருக்கும் இதய டாக்டருக்கும் முன்கூட்டியே தெரிஞ்சதால எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. இப்போ பேரனுக்கு மூணு வயசு.

சித்தப்பாகிட்ட மகனைப் பத்திப் பேசாதீங்க, அது ஆறாத புண்ணு. மகளைப் பத்திப் பேசுங்க. அந்தப் பிள்ளைக்கு இது இருந்து, யாருக்கும் தெரியாம பிரசவத்துக்குப் போனா, முதுகுல ஊசி போட்டதும் பிரஷர் எறங்கும், ரத்தமும் போகும். அடைப்பு உள்ள இதயத்துக்கு அது எவ்வளவு ஆபத்துன்னு உங்க டாக்டரையே சொல்லச் சொல்லுங்க. கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு அவர் நினைக்கிறதுல தப்பில்லை. பொண்ணு உயிரோட நிக்கணும்ல. எடுத்துப் பாத்து நார்மல்னு வந்தா, அந்தத் தாளே சம்பந்தி வீட்டுக்குக் காட்ட நல்ல தாள்.


பக்தன் நெல்லை:

சாமி காரியத்துல மருத்துவத்தைக் கொண்டாந்து கலக்காதீங்க அக்கா. எங்க மாமா எண்பது வயசு வரைக்கும் விரதம் இருந்து ஆடினவர். நம்பிக்கை இருந்தா ஒண்ணும் ஆகாது. டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க.


சுரண்டை தையல்காரி:

தம்பி, உங்க மாமா நல்லா இருந்தது சந்தோஷம். எங்க தாத்தாவுக்கும் நம்பிக்கை இருந்துச்சு. அப்பா ஒவ்வொரு கொடைக்கும் காப்புக் கட்டாம இருந்ததில்லை. அண்ணன் மாடனுக்கு விட்ட கெடாயை விலை பேசினவனை அடிக்கப் போனவன். நம்பிக்கையில எங்க வீட்டுல குறை இல்லை. எங்களுக்குக் குறைஞ்சது ஆயுசு மட்டும்தான். நான் மாடனை விட்டு விலகச் சொல்லி இங்க வரலை. அண்ணன் இருக்கணும், கொடையும் நடக்கணும், அதுக்கு வழி கேட்டுத்தான் வந்திருக்கேன்.


அம்பை பழையவர்:

மகளே, நானும் கோமரத்தாடி வீட்டுக்காரன். தாமிரவருணிக் கரை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, இப்போது ஆடுவதில்லை. நீ கேட்ட வழி இருக்கிறது.

கோமரம் வம்சத்துக்குச் சொந்தம், ஒருத்தனுக்கு மட்டும் எழுதி வைத்ததில்லை. எங்கள் கோயிலில் என் மூத்த அண்ணனுக்கு பைபாஸ் நடந்த வருஷம் இதே சிக்கல் வந்தது. சாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்தோம், பூப்பொட்டலம் எடுத்து உத்தரவு கேட்பது. எதைக் கேட்பது என்பதை முந்தின நாளே உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம், அதுதான் முக்கியம். "அண்ணன் ஆடலாமா, கூடாதா" என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டு, ஆடு என்று பூ வந்துவிட்டால் யார் மறுப்பது? "பந்தத்தைப் பெரிய வீட்டுப் பங்காளி எடுக்கவா, சின்ன வீட்டுப் பங்காளி எடுக்கவா" என்று கேட்டோம். எந்தப் பூ வந்தாலும் அண்ணனுக்கு ஓட்டம் இல்லை. ஊரும் ஒத்துக்கொண்டது, சாமியும் உத்தரவு கொடுத்தது.

அண்ணனை நாங்கள் ஒதுக்கி வைக்கவில்லை. கோமரம் கட்டினவனுக்கு அந்த ராத்திரியில் சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை, அது எனக்குத் தெரியும். திருநீற்றுக் கொப்பரையை அவர் கையில் கொடுத்துப் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். குறி கேட்க வந்தவர்கள் அவரிடம்தான் வாக்கும் திருநீறும் வாங்கினார்கள். மேளக்காரர்களிடம் முன்னாடியே சொல்லி, அவர் பக்கமாக வந்து உருட்டி அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். நையாண்டி மேளம் நெருங்கினால் நிற்கிறவனுக்கும் கால் நிற்காது. விரதத்தை மனசளவில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எல்லாம் உண்டு. சாராயம் படையலோடு நின்றது.

உன் அண்ணன் பயப்படுவது மகனை நினைத்து. அந்தப் பயத்துக்கும் வழி சொல்கிறேன். எங்கள் கோயிலில் கல்யாணமாகாத பையன் கையில் பந்தம் கொடுப்பதில்லை. உங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லையென்றாலும், பங்காளிகள் கூடி இந்த வருஷம் முதல் வைக்கலாம். அதுவரைக்கும் தகுந்த வேறு பங்காளியைப் பாருங்கள். அவரும் தாத்தா வழிப் பேரன் என்றால் முதலில் எக்கோ எடுத்துவிட்டு வரட்டும்.

உன் தாத்தா விழுந்ததைப் படித்து ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சாமி மலையேறுகிறது என்று நாங்களும் எத்தனையோ பேரைத் தொடாமல் விட்டிருக்கிறோம். சாமி மலையேறினவனுக்கு மூச்சு இருக்கும், கூப்பிட்டால் முனகுவான். மூச்சு இல்லாமல் கிடப்பவனைத் தொடாமல் விடச் சொன்ன சாமி கிடையாது.


மதுரை எக்கோ அறை:

ஐயா சொன்ன கடைசி விஷயத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கொடைக்கு முன்பே ஊர் இளைஞர்கள் சிலருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைக் கற்றுக்கொடுங்கள். கூப்பிட்டும் அசைவு இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றி அழுத்தலாம், நிறுத்தக் கூடாது.

உடற்பயிற்சி பற்றிக் கணக்குப்பிள்ளை அண்ணாச்சி எழுதியது சரிதான். 8 வயது முதல் 60 வயது வரை 1660 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. தகுந்த சிகிச்சையில் இருப்பவர்களில் வேகமாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஆபத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் வேட்டைக்கு ஓடக் கிளம்ப வேண்டாம். அவர்கள் தண்ணீர் குடித்து, மருந்து எடுத்து, டாக்டர் கண்காணிப்பில் இருந்தவர்கள். ஆனால் அந்தப் பதினாலு வயதுப் பையனை நோய் இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே வீட்டில் பூட்டி வைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.


சுரண்டை தையல்காரி:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடுறேன்.

கணக்குப்பிள்ளை அண்ணாச்சி எழுதினதை சித்தப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பிரசவ விஷயம் வந்ததும் சித்திதான் முதல்ல எந்திரிச்சு, "நாளைக்கே போவோம்"னுச்சு. சித்தப்பாவுக்குச் சுவர் 16 மில்லிமீட்டர். அடைப்பு இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை. எக்கோ அறை சொன்னது அப்படியே சரியா இருந்துச்சு. மகன் சாவுக்கு வெயில் காரணமில்லைன்னு தெரிஞ்சதும் அவர் ஆஸ்பத்திரி வராண்டாவிலயே உக்காந்துட்டார். அந்த மேட்சுக்குப் போகச் சொல்லி அனுப்பினது அவர்தானாம், இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்லை. தங்கச்சிக்கு எக்கோ, ஈசிஜி ரெண்டும் நார்மல். சம்பந்தி வீட்டுல சித்தப்பாவே போயி எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தார். அவங்க யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லிருக்காங்க, இன்னும் பதில் வரலை.

தாத்தா தங்கச்சிக்கு ஒரு மக கடையநல்லூர்ல இருக்காங்க. ஆச்சியே போன்ல பேசுச்சு. அவங்களும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு எக்கோவுக்குப் போறதா சொல்லிருக்காங்க.

அண்ணனோட ரத்தம் மரபணு டெஸ்டுக்குப் போயிருக்கு. தாளைப் பாத்துட்டு டாக்டர் ஹோல்டர் மாட்டினார், ஐசிடி பத்தியும் பேச ஆரம்பிச்சிருக்கார். கொடை விஷயமா பங்காளிங்க கூடிப் பேசினாங்க. அம்பை ஐயா சொன்ன மாதிரியே பூவுக்கான கேள்வியை எழுதிக் குடுத்தேன். பூக்கட்டிப் பாக்குறது வர்ற செவ்வாய்க்கிழமை. அண்ணன் சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. மாத்திரை மட்டும் ஒழுங்கா சாப்பிடுறான்.

மருமகனுக்கு எக்கோவுல தடிப்பு இன்னும் இல்லை. ஆனா ஈசிஜியில டி அலை சில இடத்துல தலைகீழா இருக்காம். வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும், மயக்கம் படபடப்பு வந்தா உடனே வரணும்னு சொல்லிட்டாங்க. ஃபுட்பாலை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லலை. தண்ணி குடிக்காம ஆடக் கூடாது, தலை சுத்தினா அப்பவே உக்காரணும்னாங்க. பி.டி. சாருக்கு இதை எழுதிக் குடுக்கணும். பயந்துபோயி பையனை டீமை விட்டு எடுத்துறக் கூடாது, அதே நேரம் விழுந்தா என்ன செய்யணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். இந்த மாதிரி பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் எழுதிக் குடுத்தவங்க யாராவது இருந்தா, என்ன எழுதினீங்கன்னு இங்க போடுங்களேன். திங்கக்கிழமை அவன் பள்ளிக்கூடம் போகும்போது குடுத்து விடணும்.